கரைக்குள் புதைந்திருக்கும் குழாய்க்கு என்ன வயது?

“இத்தனை வருஷமா நிக்குது, இனிமே என்ன ஆகப்போகுது?”

பழைய மண்ணணை எதைப் பற்றிப் பேச்செடுத்தாலும் முதலில் காதில் விழுவது இந்தக் கேள்விதான். கேட்பவர்களுக்கு அக்கறை இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்தத் தண்ணீரை நம்பிப் பயிர் வைப்பவர்கள் அவர்கள், அந்தக் கரை மேலேயே போய்வருபவர்கள். எத்தனையோ மழையைப் பார்த்துவிட்ட கரை என்பதால் வரும் நம்பிக்கை அது. அந்த நம்பிக்கையில் ஒரு பிசகு இருக்கிறது. சிறு பாசன அணைகளைப் பார்வையிடும் வேலையில் பல ஆண்டுகளாக இருப்பதால், அதை விளக்கிச் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருப்பதாக நினைக்கிறேன்.

மண்ணுக்கு அவ்வளவு சீக்கிரம் வயதாவதில்லை. சரியான ஈரப்பதத்தில் அடுக்கடுக்காகப் போட்டு இறுக்கிய களிமண், நூறு ஆண்டு கழித்தும் கிட்டத்தட்ட அதே களிமண்தான். சொல்லப்போனால், ஒரு மண்ணணை முதல் தடவை முழுதாக நிரம்பித் தாங்கிவிட்டாலே பெரிய கண்டம் ஒன்றைத் தாண்டிவிட்டது எனலாம். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் டீட்டன் அணை 1976 ஜூன் 5 அன்று உடைந்தது முதல் முறை நிரப்பிக்கொண்டிருக்கும்போதுதான். அப்படியானால் பழைய அணையில் எதற்கு வயதாகிறது? கரையைக் குறுக்காகத் துளைத்துப் போகும் குழாய்க்கு. கரையில் வேர்விட்ட மரங்களுக்கு. உபரி நீர் வழிந்தோடும் கலிங்குக்கு. கட்டிய காலத்தில் யாரும் இல்லாமலிருந்து, இன்று வீடுகள் வந்துவிட்ட கீழ்ப்பகுதிக்கு. கரை மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது, அது நன்றாக நிற்கிறது. மற்றவை தெரிவதில்லை, அல்லது அவற்றை யாரும் அணையோடு சேர்த்துப் பார்ப்பதில்லை.

இவற்றில் எனக்கு அதிகம் கவலை தருவது குழாய்தான்.

பாசன அணை என்றால் தண்ணீர் வெளியே வந்தாக வேண்டும். சிறு அணைகளில் மதகிலிருந்து ஒரு குழாய் கரையின் அடிவாரத்தைக் குறுக்கே கடந்து வாய்க்காலில் வந்து விழும். பல அணைகளில் அது நெளிவு இரும்புத் தகட்டில் செய்த குழாய். மண்ணும் தண்ணீரும் எப்படிப்பட்டவை என்பதைப் பொறுத்து, அதன் ஆயுள் 25 முதல் 50 ஆண்டு. அணை கட்டி அறுபது ஆண்டு ஆகிறது, குழாயை மாற்றியதாக யாருக்கும் நினைவில்லை என்றால், கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். கான்கிரீட் குழாய் இன்னும் அதிக நாள் உழைக்கும், ஆனால் அதற்கும் இணைப்புகள் உண்டு. கரையின் எடை நடுப்பகுதியில்தான் அதிகம். அங்கே அடிமண் அமுங்கும்போது குழாயும் நடுவில் தொய்ந்து, இணைப்புகள் வாய் பிளக்கும்.

அப்புறம் என்ன ஆகும் என்பது ஷட்டர் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. நீர்ப்பக்கத்தில் ஷட்டர் இருந்தால், மூடியிருக்கும் நேரத்தில் குழாய் காலியாக இருக்கும். துருப்பிடித்த ஓட்டை வழியாகச் சுற்றியுள்ள மண் கொஞ்சம் கொஞ்சமாகக் குழாய்க்குள் இறங்கும். ஒருநாள் கரையின் உச்சியில், குழாய்க்கு நேர் மேலே, ஒரு பள்ளம் விழும். வண்டிச் சக்கரம் பதிந்த பள்ளம் என்று நினைத்து அதில் மண் கொட்டி மூடிவிடுவார்கள். வால்வு வெளிப்பக்க முனையில் இருந்தால் இன்னும் மோசம். அணையின் முழு நீரழுத்தமும் எப்போதும் குழாய்க்குள் நிற்கும், ஓட்டை விழுந்த இடத்தில் அது கரையின் வயிற்றுக்குள்ளேயே பீய்ச்சும்.

குழாய் பழுதில்லாமல் இருந்தாலும் அதன் வெளிச்சுவரை ஒட்டி நீர் நடக்கப் பார்க்கும். வட்டக் குழாயின் அடி வளைவுக்குக் கீழே மண்ணை இறுக்குவது கடினம். அன்று இறுக்காமல் விட்ட அந்தச் சந்து இன்றும் அங்கேதான் இருக்கிறது. இதைத் தடுக்க ஒரு காலத்தில் குழாயைச் சுற்றிக் கான்கிரீட் வளையங்கள் வைத்தார்கள். நீர் சுற்றிச் சுற்றிப் போக வேண்டியிருக்கும், வேகம் குறையும் என்பது கணக்கு. ஆனால் அந்த வளையங்களை ஒட்டி மண்ணை இறுக்குவது இன்னும் கடினமாகிவிட்டது, வளையத்தைத் தாண்டியும் கரைகள் அரித்துப் போயின. 1980களிலிருந்து வளையங்களைக் கைவிட்டு, குழாயின் வெளிமுனைப் பக்கம் அதைச் சுற்றி மணல் வடிகட்டி வைக்கிறார்கள். நீரை வர விடு, மண்ணை மட்டும் பிடித்து வை என்பதுதான் இதன் தத்துவம். மண் இயந்திரவியலுக்கு அடிப்படை போட்ட கார்ல் டெர்சாகி நூறாண்டுக்கு முன்பே இதற்கு விதி சொன்னார். வடிகட்டி மணலின் துகள்கள், காக்க வேண்டிய மண்ணைவிட எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. எல்லை தாண்டினால் மண் நழுவிவிடும், மிக நுண்ணிய மணலானால் நீர் வடியாமல் தேங்கும்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. ஒரு கரையில், வெளிச்சரிவின் அடியில், குழாய் வாய்க்கு வலப்பக்கமாக ஒரு திட்டு மட்டும் பச்சைப் புல்லாக இருந்தது. சுற்றிலும் காய்ந்த தரை. புல்லை விலக்கிப் பார்த்தால் குழாய்க்கும் மண்ணுக்கும் நடுவே விரல் பருமனில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மதகைத் திறந்து மூடும் பெரியவர் பக்கத்தில் நின்றார். “இது எங்க அப்பா காலத்துலேயே கசிஞ்சதுதான் தம்பி, பயப்படாதீங்க” என்றார்.

அவர் சொன்னது உண்மையாகவே இருக்கும். கசியாத மண்ணணை உலகத்தில் கிடையாது. கசிவு இருப்பதே ஆபத்து என்று பயந்தால் எந்த அணைக்குக் கீழும் யாரும் தூங்க முடியாது. அறிய வேண்டியவை இரண்டு. கசிவு கூடுகிறதா? அதோடு மண் வருகிறதா? “அப்பா காலத்துல எவ்வளவு கசிஞ்சதுங்கய்யா?” என்று கேட்டேன். சுண்டு விரலைக் காட்டினார், கொஞ்சம் யோசித்துவிட்டுப் பெருவிரலைக் காட்டினார்.

ஒரு கண்ணாடி பாட்டிலில் அந்தத் தண்ணீரைப் பிடித்தோம். வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தபோது தெளிவாகத்தான் தெரிந்தது. மூடி, அசையாத இடத்தில் ராத்திரி முழுக்க வைத்தோம். காலையில் பாட்டிலின் அடியில் மெல்லிய படலமாக வழுவழுப்பான வண்டல் படிந்திருந்தது, கரை மண்ணின் அதே செம்பழுப்பு நிறம். ஒரு பாட்டிலில் அவ்வளவு என்றால், இரவும் பகலும் ஓடும் கசிவில் கரைக்குள்ளிருந்து எவ்வளவு மண் போயிருக்கும்! அது கிளம்பிய இடத்தில் இப்போது ஒரு வெற்றிடம் இருக்கிறது.

அந்த வெற்றிடம் வெளிப்பக்கத்தில் தொடங்கி நீர்ப்பக்கம் நோக்கி வளர்வதுதான் வழக்கம். கசிவு வெளியே வரும் வாயில் முதல் துகள் கழலும். நீர் மண்ணுக்குள் கடக்க வேண்டிய தூரம் சற்றுக் குறையும், அதனால் நீரின் வேகம் கூடும், அடுத்த துகள் கழலும். இப்படிக் கரைக்குள் ஒரு குடைவு பின்னோக்கி நகரும். பல ஆண்டுகள் மெதுவாகப் போகும். குடைவு நீர்ப்பக்கத்தைத் தொட்டுவிட்டால் அதன் பிறகு மணிக்கணக்கு மட்டுமே. உலகெங்கும் உடைந்த பெரிய மண்ணணைகளை ஆராய்ந்து, 2000ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியப் பொறியாளர்கள் வெளியிட்ட கணக்கில், ஏறத்தாழப் பாதி உடைப்புகள் நீர் கரை மேல் வழிந்ததாலும் கலிங்கு, மதகுக் கோளாறுகளாலும் நேர்ந்தவை. மிச்சத்தில் பெரும்பங்கு இந்த உள்ளரிப்பு. சரிவு, நிலநடுக்கம் எல்லாம் சேர்ந்து மிகச் சிறிய பங்குதான்.

இங்கே ஒன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். வெளிப்பக்கத்தில் கசியும் வாயைக் களிமண் வைத்தோ சிமெண்ட் பூசியோ அடைக்காதீர்கள். நல்லெண்ணத்தில் பலரும் முதலில் செய்வது அதைத்தான். அடைபட்ட நீர் திரும்பிப் போய்விடாது, கரைக்குள் அழுத்தம் ஏற்றிக்கொண்டு வேறு இடத்தில் இன்னும் வேகமாகக் கிளம்பும். முதலில் பருமணல், அதன் மேல் சல்லி, அதற்கும் மேல் பெரிய கல் என்று நீரை விட்டு மண்ணைப் பிடிக்கும் பாரம்தான் வைக்க வேண்டும். கூடவே அணையின் நீர்மட்டத்தை இறக்க வேண்டும். நாங்கள் அங்கே செய்ததும் அதுதான்.

இறக்குவதிலும் நிதானம் வேண்டும். சட்டென்று நீரைக் காலி செய்தால், ஊறிப்போன நீர்ப்பக்கச் சரிவுக்கு இத்தனை நாள் தாங்கலாக இருந்த தண்ணீர் இல்லாமல் போகும், மண் தன் எடையிலேயே சரியும். அவசரம் இல்லாத நேரத்தில் நாளுக்கு ஓர் அடி என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. உடைப்பு கண்ணெதிரே தெரிந்தால் அந்தக் கணக்கு வேறு.

அளப்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். கசிவு நீரை ஒரு சிறு ஓடையில் சேர்த்து, அதன் குறுக்கே செங்கோணத்தில் ‘வி’ வடிவமாக வெட்டிய தகட்டை நட்டால் போதும். வெட்டின் அடிமுனைக்கு மேல் நீர் 5 செ.மீ. உயரம் நின்றால் நொடிக்கு முக்கால் லிட்டருக்குச் சற்று அதிகமாகப் போகிறது. 10 செ.மீ. நின்றால் நான்கு லிட்டருக்கும் மேல். உயரம் இரண்டு மடங்கானால் ஓட்டம் ஐந்தரை மடங்கைத் தாண்டுகிறது, அதனால்தான் கண்மதிப்பு நம்மை ஏமாற்றுகிறது. கசிவை எழுதும்போது அன்றைய அணை நீர்மட்டத்தையும், முந்தைய நாள் மழை பெய்ததா என்பதையும் கூடவே எழுத வேண்டும். நீர்மட்டம் ஏறிக் கசிவும் ஏறினால் இயல்பு. நீர்மட்டம் அதே அளவில் நிற்க, கசிவு மட்டும் ஏறினால் அன்றே யாரையாவது கூப்பிட வேண்டும். ஓடிக்கொண்டிருந்த கசிவு காரணமில்லாமல் திடீரென்று நின்றாலும் கூப்பிட வேண்டும். உள்ளே ஏதோ இடிந்து விழுந்து வழியை அடைத்திருக்கலாம். பெரியவர் இப்போது ஒரு நோட்டுப் புத்தகத்தில் இதையெல்லாம் எழுதுகிறார். அவருக்குப் பிறகு வருபவர் விரலைக் காட்ட வேண்டியிருக்காது.

மண்ணின் குணத்தையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. சில களிமண்ணில் சோடியம் அதிகம், அது தண்ணீர் பட்டதும் தானாகவே பிரிந்து கலையும். கரையிலிருந்து சிறு மண்கட்டியை எடுத்து, காய்ச்சி வடித்த நீர் உள்ள கண்ணாடிக் குவளையில் மெல்ல விடுங்கள். கட்டி உடைந்து அடியில் குவிந்தால் பரவாயில்லை. கட்டியைச் சுற்றிப் பால் கலந்ததுபோல ஒரு மேகம் பரவினால், அந்தக் கரையில் மயிரிழை விரிசல்கூட ஆபத்து. ஆஸ்திரேலிய மண்ணியலாளர் எமர்சன் 1967இல் வகுத்துத் தந்த சோதனையின் எளிய வடிவம் இது. கிணற்று நீரில் செய்தால் அதிலுள்ள உப்பு விடையை மறைத்துவிடும்.

மரங்களைப் பற்றிப் பேசினால் மனத்தாங்கல் வருகிறது, தெரியும். கரையில் நிழல் தரும் மரத்தை வெட்டச் சொல்பவனை யாருக்கும் பிடிக்காது. ஆனால் மரம் பட்டுப்போனதும் வேர் மக்கும். வேர் இருந்த இடம் கரைக்குள் நீளும் ஒரு வெற்றுக்குழல். புயலில் மரம் வேரோடு சாய்ந்தால் கரையில் பாதியைப் பெயர்த்துக்கொண்டு போகும். இளஞ்செடியாக இருக்கும்போதே அகற்றிப் புல்லை மட்டும் விட வேண்டும். பெருமரமாகிவிட்டால் வெறுமனே அடியோடு அறுத்துவிட்டுப் போவது கூடாது, வேர் மக்கத் தொடங்குவதே அப்போதுதான். நீர்மட்டத்தைக் குறைத்து, வேர்க்கட்டையைத் தோண்டி எடுத்து, குழியை இறுக்கி நிரப்ப வேண்டும். எலி, நண்டு போன்றவற்றின் வளைகளுக்கும் இதே கதைதான். புதர் மண்டிய கரையில் வளையைக் கண்டுபிடிக்கவே முடியாது என்பதால் புல்லைக் குட்டையாக வைத்திருப்பது பாதி பாதுகாப்பு.

கலிங்குக்கு வருவோம். மண்ணணையின் மேல் தண்ணீர் வழியக் கூடாது. வழிந்தால் வெளிச்சரிவு அரித்து, கரையே போய்விடும். அதற்காகத்தான் கலிங்கு. ஆனால் வருடத்தில் பெரும்பாலான நாள் அது சும்மா கிடக்கிறது. சும்மா கிடக்கும் இடத்தை மனிதர்கள் விட்டுவைப்பதில்லை. இன்னும் கொஞ்சம் தண்ணீர் தேக்கலாமே என்று குறுக்கே மணல் மூட்டை அடுக்குவார்கள், பாதை போடுவார்கள், மீன் போகாமல் வலை கட்டுவார்கள்.

ஹவாயில் கரும்புப் பாசனத்துக்காக 1890இல் கட்டிய காலோக்கோ அணை 2006 மார்ச் 14 அன்று உடைந்து ஏழு பேர் இறந்தார்கள். நூறாண்டுக்கும் மேலாக நின்ற கரை அது. கலிங்கு மண்ணிட்டு நிரப்பப்பட்டிருக்கக்கூடும் என்பது விசாரணையில் வந்தது. அதற்கும் முன்னால் 1889 மே 31 அன்று பென்சில்வேனியாவில் சவுத் ஃபோர்க் அணை உடைந்து, ஜான்ஸ்டவுன் நகரம் அழிந்து, 2,209 பேர் மாண்டார்கள். கால்வாய்க்குத் தண்ணீர் தரக் கட்டிய மண்ணணை அது. பின்னாளில் கைமாறிக் கைமாறி, அடியிலிருந்த இரும்புக் குழாய்களைக் கழற்றிப் பழைய இரும்புக்கு விற்றுவிட்டார்கள். அதனால் நீர்மட்டத்தை இறக்க வழியே இல்லாமல் போனது. வண்டி போவதற்காகக் கரையின் உச்சியைச் செதுக்கித் தணித்தார்கள். கலிங்கில் மீன் தடுப்பு வைத்தார்கள், பெருமழையில் அதில் குப்பை அடைத்துக்கொண்டது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சின்ன வேலை. யாரோ ஒருவர் வசதிக்காகச் செய்தது. என் வேலையில் இன்றும் நான் பார்ப்பது இந்தச் சின்ன வேலைகளைத்தான், அதனால்தான் அந்தப் பழைய கதை எனக்குப் பழையதாகத் தோன்றுவதில்லை.

கரையின் உச்சி மட்டத்தை ஒரு நூல் கட்டியாவது பார்த்துவிடுங்கள். பழைய கரையில் எங்காவது ஓர் இடம் தணிந்திருக்கும், பெரும்பாலும் நடுவில். வெள்ளம் வழிந்தால் முழு நீளத்துக்கும் பரவி வழியாது, அந்த ஒரு பள்ளத்தில்தான் கூடி விழும்.

கடைசியாக, கீழே இருப்பவர்கள். சிறு அணைதானே என்ற நினைப்பு சட்டங்களிலும் இருக்கிறது. இந்தியாவின் அணைப் பாதுகாப்புச் சட்டம், 2021, 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைகளையும், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளவற்றையும்தான் தொடுகிறது. அதற்குக் கீழே உள்ளவை பார்வைக்கே வருவதில்லை. ஜப்பானில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட பாசனக் குளங்கள் உண்டு, மிகப் பழையவை பல. 2018 ஜூலை பெருமழையில் மேற்கு ஜப்பானில் 32 குளங்களின் கரைகள் உடைந்தன. அடுத்த ஆண்டே, உரிமையாளர்கள் குளங்களைப் பதிவு செய்தாக வேண்டும் என்று தனிச் சட்டம் வந்தது. அதற்கு முன் 2011 மார்ச் 11 நிலநடுக்கத்தில் அங்கே ஃபுஜினுமா என்ற பாசன அணை உடைந்து எட்டுப் பேரைக் கொண்டுபோயிருந்தது. 1949இல் கட்டி முடித்தது, உயரம் 18.5 மீட்டர். கென்யாவின் சோலாயில் 2018 மே 9 இரவு ஒரு பண்ணை அணை உடைந்தபோது 40க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள்.

அணை கட்டியபோது கீழே வயல் மட்டும் இருந்திருக்கும். உடைந்தால் ஒரு போகம் போகும் என்ற கணக்கில்தான் குழாயும் கலிங்கும் வடிவமைத்திருப்பார்கள். இப்போது அங்கே பத்து வீடு இருந்தால், ஒரு கைப்பிடி மண்கூட மாறாமலேயே அந்த அணை வேறு அணையாகிவிட்டது. இதனால்தான் பல நாடுகளில் அணையின் ஆபத்து வகையைக் கரை எவ்வளவு உறுதி என்று பார்த்து முடிவு செய்வதில்லை, உடைந்தால் கீழே யார் இருக்கிறார்கள் என்று பார்த்து முடிவு செய்கிறார்கள். அந்த வீடுகளின் கைபேசி எண்கள், ராத்திரி யார் யாரைக் கூப்பிடுவது, எந்தப் பாதை வழியாக மேட்டுக்கு ஏறுவது, மணலும் சல்லியும் எங்கே குவித்து வைத்திருக்கிறது என்பதெல்லாம் ஒரே தாளில் இருக்க வேண்டும். மதகுச் சாவி வைத்திருப்பவர் ஊரில் இல்லாவிட்டால் இன்னொரு சாவி யாரிடம் என்பதும் அதில் இருக்க வேண்டும்.

நான் சொன்ன அந்த அணையில், கசிவு அடங்கியதும் குழாய்க்குள் கேமராவை அனுப்பிப் பார்த்தோம். நடுப்பகுதியில் அடித்தகடு சல்லடையாகிக் கிடந்தது. உள்ளே புதுப் பிளாஸ்டிக் குழாய் செருகி, இடைவெளியைச் சிமெண்ட் கலவையால் நிரப்புவது ஒரு வழி. பழைய குழாயை முழுதாக நிரப்பி மூடிவிட்டு, கரையின் உச்சி வழியாக, நீரை மேலே இழுத்து மறுபக்கம் இறக்கும் சைஃபன் குழாய் போடுவது இன்னொரு வழி. காற்றழுத்தம்தான் நீரைத் தூக்குகிறது என்பதால் சைஃபனால் நடைமுறையில் ஆறேழு மீட்டருக்கு மேல் ஏற்ற முடியாது, தாழ்ந்த அணைக்கு அது போதும். கரைக்குள் இனி எந்தத் துளையும் வேண்டாம் என்பதால் நான் சைஃபன் பக்கம். பயனாளிகளில் சிலருக்குச் செலவு மலைப்பாக இருக்கிறது, இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

செலவு செய்ய யாருமில்லை என்றால் அதற்கும் ஒரு நேர்மையான வழி உண்டு, அதை அவர்களிடமும் சொன்னேன். அணையை விட்டுவிடலாம். சும்மா விட்டுவிட்டுப் போவது என்று அர்த்தமில்லை. கோடையில் நீரை நிதானமாக இறக்கி, கரையின் தாழ்ந்த பகுதியில் அடிவரை அகலமாக, இருபக்கமும் சாய்வாக வெட்டித் திறந்து, பெருமழை வந்தாலும் நீர் தேங்காமல் ஓடும்படி செய்து, வெட்டிய முகத்தில் கல் பதிக்க வேண்டும். உள்ளே படிந்திருக்கும் வண்டல் ஒரே மழையில் கீழே இறங்காதபடி புல் பிடிக்க விட வேண்டும். அதற்கும் ஒரு பொறியாளரின் வரைபடமும் அனுமதியும் தேவை, ஆனால் புதுக் குழாய்க்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுக்கலாம். எந்த முடிவானாலும் அடுத்த மழைக்காலத்துக்கு முன்னால் எடுத்துவிடுங்கள் என்று கேட்டிருக்கிறேன். அதுவரை ஷட்டரைப் பாதி திறந்தே வைத்திருக்கிறோம்.